முதுகெலும்பைத் தாக்கும் காசநோய்

சுமை தூக்கியதால் வந்த முதுகுவலி என்று எண்ணித் தைலம் தடவிக்கொண்டிருக்கிறீர்களா? வலி பல வாரங்களாகியும் நீங்காமல், இரவில் அதிகரித்து, மாலைக் காய்ச்சலும் உடல் மெலிவும் சேர்ந்தால், அது முதுகெலும்பைத் தாக்கிய காசநோயாக இருக்கலாம்.

இரத்தத்தின் வழியே வந்து தங்கும் கிருமி, எலும்பை மெல்ல அரித்துச் சீழ்க்கட்டியை உண்டாக்குகிறது. அது தண்டுவடத்தை அழுத்தினால் கால்கள் வலுவிழக்கும், சிறுநீரும் கட்டுப்படாமற்போகும். ஆரம்பத்தில் எக்ஸ்ரே இயல்பாகவே தோன்றலாம், எம்.ஆர்.ஐ. பாதிப்பைக் காட்டும். ஊசியால் எடுத்த சீழையோ திசுவையோ சோதித்து, எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்பதையும் அறிகிறார்கள்.

பெரும்பாலோருக்கு மருந்தே போதும். நரம்பு பாதிப்போ எலும்புச் சரிவோ மிகுந்தவர்களுக்கே அறுவை சிகிச்சை தேவைப்படும். வழக்கமாக முதல் 2 மாதம் 4 மருந்துகள், பின்னர் 10 மாதம் 3 மருந்துகள். அரசு மையங்களில் இவை இலவசம்.

வலி தணிந்ததும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். எஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். விடுமுறைக்கு ஊர் செல்லுமுன் மையத்தில் தெரிவியுங்கள். உங்கள் நிக்ஷய் எண்ணைக்கொண்டு அங்கும் சிகிச்சையைத் தொடரலாம். ரயில் பயணத்திற்கான மாத்திரைகளைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.