குழாயை மூட வீட்டுக்காரருக்கு உரிமை உண்டா?

ராமநாதபுரம் சீமையில் குடித்தனக்காரரை மிரட்டக் கத்தியும் வேண்டாம், கம்பும் வேண்டாம். குழாயை மூடினால் போதும்! குடம் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கும் ஊர் ஆயிற்றே.

"வாடகையைக் கூட்டிக் கொடு, இல்லாட்டி காலி பண்ணு" என்றால் பலர் வாய் திறப்பதில்லை. உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்துக் காரை தலையில் விழுந்தாலும் அதே மவுனம்தான். ராமேசுவரத்தில் அமாவாசைக்கு அமாவாசை யாத்திரிகர் கூட்டம். தினவாடகைக் காசை எண்ணிப் பார்ப்பவருக்கு மாதக் குடித்தனம் கசக்கத்தானே செய்யும்?

ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? 1960-ம் ஆண்டுச் சட்டம் போய், புதுச் சட்டம் 22-2-2019 முதல் அமுலில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் எழுதியபடிதான் வாடகையைக் கூட்டலாம். தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். துணை கலெக்டர் அந்தஸ்துக்குக் குறையாதவர் அவர். வீட்டுக்காரர் வாடகை வாங்க மறுத்தால் அவரிடமே கட்டிவிடலாம்.

இதில் ஒரு வில்லங்கம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் ஆக வேண்டும். எழுதாமல் விட்டால், அதையே காரணம் காட்டிக் காலி செய்யக் கேட்கவும் அதே சட்டத்தில் இடம் இருக்கிறது! வாய்ப்பேச்சில் குடியிருக்கும் மீனவர், கூலிக்காரர் கதி என்ன? பத்திரம் கேட்டால் வீடே போய்விடுமோ என்ற பயம் அவர்களுக்கு.

வாடகை அதிகாரி எங்கே உட்காருகிறார் என்றாவது ரேஷன் கடை வாசலில் எழுதிப் போடலாமே! பெயிண்டுக்கு என்ன பெரிய செலவு ஆகிவிடும்?