மங்கிய ஒளியில் வளரும் நீர்ச்செடிகள்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு ஞாயிறன்று மறைக்கல்வி வகுப்பு முடிந்து பிள்ளைகளெல்லாம் கலைந்தபின், ஐந்தாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் மட்டும் கோவில் படிக்கட்டிலேயே நின்றுகொண்டிருந்தான். என்னவென்று கேட்டோம். "சாமி, வளர்த்த மீன் செத்துப்போனா அது பாவமா?" என்றான். (பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டதன்று, படிக்கட்டில், நாலு பேர் காதுபடக் கேட்டது. அவன் தந்தையாரும் எழுதலாமென்று இசைந்துள்ளார்.)

புதுநன்மை வாங்கிய நாளில் தாய்மாமன் வாங்கித் தந்த கண்ணாடித் தொட்டியாம் அது. ஆறு மீன்கள், கூடவே, பார்வைக்கு அழகாகச் சிவந்த இலைச்செடிகள் நான்கு. இரண்டே வாரத்தில் செடிகள் கறுத்து அழுகின. அதன்பின் மீன்களும் ஒவ்வொன்றாய் மிதந்தன. "ஒரு பொருளை ஒழுங்காய் வைத்துக்கொள்ளத் தெரியாதவன்" என்று வீட்டில் ஏச்சும் கிடைத்ததாம்.

பாவமென்றால் அறிவும் வேண்டும், மனச்சம்மதமும் வேண்டும். உன்னிடம் இரண்டும் இல்லையே தம்பி, என்று சொல்லித் தேற்றினோம். ஆனால் அறியாமல் நேர்ந்ததை அறிந்துகொள்ளும் கடமை இருக்கிறதல்லவா? அன்று மாலையே அவன் வீட்டுக்குப் போனோம்.

தொட்டி உள்ளறை மூலையில் இருந்தது. நம் பண்ணைக்காட்டு வீடுகளின் சன்னல்கள் குளிருக்கு அஞ்சிச் சிறிதாய் வைக்கப்பட்டவை. மூடுபனி இறங்கிவிட்டால் நண்பகலிலும் விளக்கேற்ற வேண்டும். அந்த மூலையில் செஞ்செடிகளை வைத்தால் அவை எவ்வாறு பிழைக்கும்? இலை சிவந்த நீர்ச்செடிகளிற் பெரும்பாலானவை மிகுந்த ஒளி கேட்பவை. ஒளி கிடையாத செடி வாடுகிறது. வாடியது நீருக்குள்ளேயே அழுகுகிறது. அழுகலிலிருந்து அம்மோனியா பிறக்கிறது. அது மீனுக்கு நஞ்சு. பையன் செய்த பிழையென்று இதில் ஒன்றுமில்லை. வெயிற்செடியை இருளறைக்கு விற்றதும் வாங்கியதும் பெரியவர்கள்.

பிறரைக் குறை கூறுமுன் நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறோம். பல ஆண்டுகளுக்கு முன் பங்கு இல்லத்துத் தொட்டியில், 'அதிர்ஷ்ட மூங்கில்' என்று விற்கப்படும் செடியை இலையோடு முழுக மூழ்கவைத்து அழுகவிட்டவர்கள் நாம். அது மூங்கிலுமன்று, நீர்ச்செடியுமன்று. வேர் நனையலாம், இலை காற்றில் இருக்க வேண்டும்.

ஒரு குருவானவருக்குச் செடியாராய்ச்சி எதற்கு என்று கேட்பவர்கள் செண்பகனூர்ப் பக்கம் சென்று பார்க்கட்டும். அங்குள்ள இயேசு சபையினரின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 1895-இல் தொடங்கப்பெற்றது. பிரான்சிலிருந்து வந்த சுவாமி ஆங்லாது இம்மலைச் செடிகளைத் திரட்டி வண்ணத்தில் வரைந்து வைத்தார். அதே சபையைச் சேர்ந்த சுவாமி மாத்யூ, பழனி மலைத் தாவரங்களைப் பற்றிய பெருநூலை 1999-இல் வெளியிட்டார். அவர்கள் செய்தது மலையளவு. நாம் சொல்லப்போவது ஒரு தொட்டியளவு.

நிழலைப் பற்றி நம் மக்களுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. மரநிழலில் காப்பி வளர்ப்பவர்கள் நீங்கள். காப்பிக்கு அடர்ந்த மரநிழல் எவ்வாறு இயல்போ, அவ்வாறே காட்டோடைகளின் நிழலையே இயல்பாகக் கொண்ட நீர்ச்செடிகளும் உண்டு. அவற்றைத் தேர்ந்துகொண்டால் நம் சன்னலோர ஒளியே போதும். பகலில் விளக்கில்லாமல் நாளிதழ் படிக்க இயலும் இடமென்றால் சரி. அதுவும் இல்லாத இடத்தில் ஒரு சிறு எல்.இ.டி. விளக்கை நாள்தோறும் ஏழெட்டு மணி நேரம் எரியவிடலாம். நேர் வெயிலில் மட்டும் வைக்கலாகாது. ஒரு வாரத்தில் கண்ணாடியெல்லாம் பச்சைப் பாசி படர்ந்துவிடும்.

முதலில் வாங்க வேண்டியது ஜாவா பெரணி என்போம். நம் பாறைகளில் ஒட்டி வளரும் பெரணிகளின் உறவு. இஞ்சிபோல் கிடக்கும் ஒரு தண்டு, அதிலிருந்து நீண்ட இலைகள். இத்தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும். புதியவர்கள் எல்லாரும் செய்யும் தவறு இதுவே. ஒரு கல்லிலோ மரக்கட்டையிலோ பருத்தி நூலால் கட்டிவிடுங்கள். நூல் இற்றுப்போவதற்குள் வேர் கல்லைப் பற்றிக்கொள்ளும். இலையின் அடியில் கரும்புள்ளி கண்டு நோயென்று கிள்ளி எறிய வேண்டாம். அவை பெரணியின் வித்துத்தூள் தங்கும் இடங்கள். முதிர்ந்த இலையின் நுனியில் குட்டிச்செடியும் முளைக்கும்.

மேற்கு ஆப்பிரிக்கக் காட்டோடைகளிலிருந்து வந்த அனுபியாஸும் அப்படியே. கல்லில் கட்ட வேண்டும், புதைக்கக் கூடாது. தடித்த இலை. தங்கமீன் மென்மையான செடிகளையெல்லாம் மேய்ந்துவிடும். இவ்விரண்டை மட்டும் பெரும்பாலும் விட்டுவைக்கும். மாதத்துக்கு ஓரிலை விட்டாலே பெரிது என்னும்படி மெதுவாக வளர்வது. பொறுமையில்லாத பிள்ளைகளுக்கு இதைக் கொடுப்பது நல்ல மருந்து.

மணலில் நடுவதற்குக் கிரிப்டோகோரைன். சேம்பும் சேனையும் சேர்ந்த குடும்பத்தது. கடைகளில் கிடைப்பனவற்றுள் பல, இலங்கை ஓடைகளைத் தாயகமாகக் கொண்டவை. நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளிலும் இதன் இனங்கள் உண்டு. ஆனால் ஓடையிலிருந்து பிடுங்கி வரவேண்டாம்; இலங்கையில் இவற்றுள் சில இனங்கள் அருகிவருகின்றன. இதற்கொரு குணம்: இடம் மாற்றி நட்டவுடன் இலையெல்லாம் கரைந்து போகும். செத்துவிட்டதென்று பிடுங்கி எறிபவர்கள் பலர். கரைந்த இலைகளை மட்டும் அகற்றிவிட்டு வேரை அப்படியே விட்டுவையுங்கள். சில வாரங்களில் புதுத்தளிர் தலைநீட்டும்.

பணம் செலவிட இயலாதவர்களுக்குப் பள்ளி ஆய்வகத்து ஹைட்ரில்லா இருக்கிறது. சோதனைக் குழாய்க்குள் குமிழி விட்டதைப் பார்த்த நினைவு பலருக்கும் இருக்கும். மிகக் குறைந்த ஒளியிலும் வளரும். அம்மோனியாவையும் விரைந்து உறிஞ்சும். குளத்திலிருந்து எடுத்தால் நன்றாக அலசி, சில நாள் தனி வாளியில் வைத்துப் பார்த்துவிட்டுத் தொட்டியில் இடுங்கள். தும்பியின் இளம்புழு ஒளிந்திருந்தால் மீன்குஞ்சுகளைத் தின்றுவிடும்.

வாளி என்றதும் ஓர் எச்சரிக்கை. காப்பிக்குத் தெளிக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த வாளியை எத்தனை முறை கழுவினாலும் மீன்தொட்டிக்குக் கொண்டுவராதீர்கள். செம்பு சிறிதளவே கலந்தாலும் மீனுக்கு எமன்; உப்புக் குறைந்த மலை நீரில் அதன் கடுமை இன்னும் மிகுதி.

செடிகளை நட்டவுடன் மீன் விடலாமா என்றான் பையன். நான்கு முதல் ஆறு வாரம் காத்திருக்கச் சொன்னோம். அம்மோனியாவைத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றும் நுண்ணுயிர்கள் மணலிலும் கல்லிலும் பெருக அத்தனை நாளாகும். அதுவரை நாளுக்கு ஒரு சிட்டிகை மீனுணவு இட்டால், அது சிதைந்து அவற்றுக்கு இரையாகும். "மீனே இல்லாம ஆறு வாரமா!" என்று முகம் சுருங்கினான். தவக்காலமும் அவ்வளவுதானே என்றோம். அந்த ஒப்புமை அவனுக்கு ஆறுதலாயிருந்ததாகத் தெரியவில்லை.

இச்செடிகள் பெருகும், அளவுக்கு மிஞ்சியதைக் கழிக்க வேண்டிவரும். அப்போது ஓடையில் வீசிவிடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறோம். நம் குளங்களை மூடிக்கிடக்கும் ஆகாயத்தாமரை, அழகுக்காக அயல்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டதே. தென் அமெரிக்காவின் கபோம்பா மீன்தொட்டிச் செடியாகத்தான் உலகெங்கும் விலைபோகிறது. 2020-இல் கோழிக்கோடு மாவட்டத்து ஆவளப் பாண்டியில் அது நீர்நிலையை இளஞ்சிவப்புப் பூவாய் மூடியபோது மக்கள் திரண்டு சென்று கண்டுகளித்தனர். கீழே நீர் மூச்சுமுட்டிக் கிடந்ததை எத்தனை பேர் எண்ணினார்களோ! நம் ஹைட்ரில்லாவும் குற்றமற்றதன்று. 1950களில் இலங்கையிலிருந்து மீன்தொட்டி வணிகத்தின் வழியே அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குச் சென்று, அங்குள்ள ஏரிகளை அடைத்துவிட்டது. மிஞ்சியதை வெயிலில் உலர்த்தி ஆரஞ்சு மரத்தடியில் புதையுங்கள், நல்ல உரம்.

அச்சிறுவனின் தொட்டி சன்னலோரத்துக்கு இடம் மாறியது. தந்தையார் மலையிறங்கிப் போனபோது பெரணி இரண்டும் கிரிப்டோகோரைன் ஒன்றும் வாங்கி வந்தார். கிரிப்டோகோரைன் கரைந்தது, பிடுங்கப் போன தாயாரைப் பையன் தடுத்துவிட்டானாம். இப்போது ஐந்து இலைகளோடு நிற்கிறது. மீன்கள் நான்கு, ஆறாம் வாரம் கழிந்தே விடப்பட்டன. மார்கழிக் குளிரில் நீர் மிகக் குளிர்ந்து அவை ஒடுங்கியதைக் கண்டு, வெந்நீர் ஊற்றலாமா என்று ஓடிவந்தான். கூடவே கூடாது, தொட்டிக்குரிய சிறு வெப்பமூட்டியைத்தான் பொருத்த வேண்டும் என்று அனுப்பினோம்.

சென்ற ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு தம்ளரைச் சட்டையோடு அணைத்துக்கொண்டு வந்தான். உள்ளே நீரில் விரல்நீளப் பெரணிக்குட்டி ஒன்று. பங்கு இல்லத்துத் தொட்டிக்காம். கல் கிடைத்துவிட்டது, பருத்தி நூலுக்குத்தான் கோவில்பிள்ளையை அனுப்பியிருக்கிறோம்.