பார்த்துக்கொள்பவரின் கூலி

கள்ளக்குறிச்சி மாவட்டம் மணலூர்பேட்டையில், பக்கவாதத்தில் விழுந்த மாமியாரைப் பார்த்துக்கொள்ள மருமகள் நடவு வேலையை விட்டால் அந்தக் கூலிக்கு யார் பொறுப்பு? முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் மருத்துவமனைச் சிகிச்சைக்குத்தான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரையையும் இயன்முறைச் சிகிச்சையையும் வாசலுக்கே கொண்டுவருகிறது. அருமையான திட்டம், மனமாரச் சொல்கிறேன். ஆனால் திட்டப் பணியாளர்கள் வந்துபோன பின், புரட்டிப் படுக்கவைப்பதும் மலம் துடைப்பதும் அந்த மருமகள்தானே! முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயானது. 80 வயதுக்குக் கீழே என்றால் அதில் ஒன்றிய அரசின் பங்கு 200 ரூபாய் மட்டுமே. டயப்பருக்கே பற்றாது. கடும் பாதிப்புள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத்தொகை உண்டு; தகுதியுள்ளவர்கள் கள்ளக்குறிச்சி மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அவசியம் கேளுங்கள். படுக்கையில் கிடக்கும் முதியவரைக் கவனிக்கும் பெண்ணுக்கும், அவர் பெயரிலேயே, மாதாமாதம் ஒரு தொகையை அரசு தந்தாக வேண்டும்.