காளைக்குக் கூடிய கூட்டம், பசுவுக்கு எங்கே?

'போன ஜனவரியில் என் மகன் கோவை வ.உ.சி. மைதானத்தில் ஜல்லிக்கட்டுக்காக உட்கார்ந்தான். திரும்பி வந்தவன், ஜெர்சி மாட்டை விற்றுவிட்டுக் காங்கேயம் பசு வாங்கச் சொன்னான். கன்றோடு வாங்கினேன். இரண்டு வேளையும் சேர்த்து 2 லிட்டர் பால்தான். விற்கலாம் என்றால், நம் அடையாளத்தை விற்பதா என்று சண்டைக்கு வருகிறான். என்ன செய்யட்டும்?'

- தாராபுரம் பகுதி வாசகர்.

ஐயா, 2017 முடியப்போகும் நேரத்தில் வந்திருக்கும் உங்கள் கேள்வியில் இந்த ஆண்டின் வாதம் முழுவதும் இருக்கிறது.

ஜனவரி 10-ம் தேதி தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. ஒரு வாரத்தில் மெரினாவில் பிள்ளைகள் கூடினார்கள். 23-ம் தேதி சட்டசபையில் ஜல்லிக்கட்டுச் சட்டம் நிறைவேறியது. நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால், மார்ச் 14-ம் தேதி முதல் டெல்லி ஜந்தர் மந்தரில் நம் விவசாயிகள் 41 நாள் கிடந்தபோது, அந்தக் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூடச் சேரவில்லை.

மே 23-ல் மத்திய அரசு மாட்டுச்சந்தை விதிகளைக் கொண்டு வந்தது. வெட்டுக்கு அல்ல என்று எழுதிக் கொடுத்தால்தான் சந்தையில் மாடு கைமாறும் என்றது. மே 30-ல் மதுரைக் கிளை இடைக்காலத் தடை போட்டது. ஜூலை 11-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் நீட்டித்தது. அப்போதும் பேச்சு, தட்டில் என்ன இருக்கலாம் என்பதிலேயே நின்றது. வயதான மாட்டை விற்ற பணத்தில்தான் அடுத்த கன்று வாங்குகிறோம் என்பதைப் பேசியவர்கள் குறைவு.

பண்பாடு என்றது ஒரு தரப்பு. வதை என்றது இன்னொரு தரப்பு. வாலை முறுக்குவதும், கண்ணில் மிளகாய்ப்பொடி தூவுவதும் தவறு என்று சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால், தவிட்டு மூட்டை என்ன விலை என்று இரண்டு தரப்பும் கேட்கவில்லை.

2012 கால்நடைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். முந்தைய 5 ஆண்டுகளில் நாடு முழுவதும் நாட்டு மாடுகள் சுமார் 9 சதவிகிதம் குறைந்தன. கலப்பின, அயலின மாடுகள் 20 சதவிகிதம் கூடின. ஜல்லிக்கட்டை நீதிமன்றம் தடுத்தது 2014-ல்தான். அதற்கு முன்பே உழவுக்கு டிராக்டரும், கவலை இறைத்த கிணற்றுக்கு மோட்டாரும் வந்து, எருதுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

இப்போது உங்கள் பசு. காங்கேயம் உழைப்புக்கான இனம். ஜெர்சியோடு பால் கணக்குப் போட்டால் தோற்கத்தான் செய்யும். அதன் வரவு கன்றில் இருக்கிறது. கிளுவை வேலி கட்டிய கொறங்காடும், அதில் கொழுக்கட்டைப்புல்லும், வெள்வேல மரமும் உங்களுக்கு இருந்தால் பசுவை வைத்துக்கொள்ளுங்கள். மேய்ந்தே வயிறு நிரப்பும். தீவனச் செலவு குறையும். பால் வீட்டுக்கு ஆகும். நல்ல பூச்சிக்காளையோடு சேர்த்து, கன்றை ஒழுங்காக வளர்த்தால், சித்திரையில் கண்ணபுரம் சந்தையில் அதற்கு மதிப்பு இருக்கும்.

மேய்ச்சல் இல்லை, எல்லாத் தீவனமும் கடையில்தான் என்றால் நஷ்டம்தான். கொறங்காடு உள்ள ஒருவருக்குக் கைமாற்றி விடுங்கள். அது துரோகம் ஆகாது. அங்கே போனால் இனமும் தப்பிக்கும், நீங்களும் தப்பிப்பீர்கள்.

முடிவெடுக்கும் முன், ஒரு மாதத்துக்குத் தீவனம், பால், சாணி வரவு செலவை நோட்டில் எழுதும் வேலையை மகனிடமே கொடுங்கள். மைதானத்தில் ராப்பகலாக உட்கார்ந்த பிள்ளை, கட்டுத்தறியிலும் உட்காருவான். பொங்கலுக்குக் கொம்புக்கு வர்ணம் பூசும்போது, அப்பனும் மகனும் அந்த நோட்டை வைத்துப் பேசுங்கள்.