கணக்கு யாருக்காக?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

நம் பழைய மாணவர் குழுவில் ஒரு தம்பி எழுதியிருந்தார்: “கீரை விக்கிற அம்மாகூட இப்ப ஸ்கேன் பண்ணுங்கன்னு சொல்றாங்க சார். இனி என்ன சார் வறுமை?” வேடிக்கையாகத்தான் எழுதினார். ஆனால் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

முதலில் அவர் பக்கத்து நியாயம். 2016-இல் வந்த யுபிஐ சிறு வியாபாரிக்கு நல்லதே செய்திருக்கிறது. பணம் வாங்குவதற்கு அவரிடம் கமிஷன் பிடிப்பதில்லை. சில்லறைத் தகராறு இல்லை. அதைவிடப் பெரிய விஷயம், அவருடைய வியாபாரத்துக்கு முதல்முறையாக ஒரு எழுத்துச் சாட்சி கிடைத்திருக்கிறது. தண்டல்காரரைத் தவிர யாரும் நம்பிக் கடன் கொடுக்காத மனிதர்கள் இவர்கள். 2020 ஜூனில் தொடங்கிய ஸ்வநிதி திட்டத்தில் தெருவோர வியாபாரிக்கு அடமானம் இல்லாமல் 10,000 ரூபாய் வங்கிக் கடன் கிடைத்தது. ஒழுங்காகக் கட்டினால் அடுத்து 20,000, அப்புறம் 50,000. 2025-இல் முதல் இரண்டையும் 15,000, 25,000 என்று உயர்த்தினார்கள். இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் அதே 2025 ஜூலையில் கர்நாடகத்தில் என்ன நடந்தது? யுபிஐ வரவைக் கூட்டிப் பார்த்து, சிறு கடைக்காரர்களுக்கு வணிகவரித் துறை ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியது. காய்கறி விற்றவருக்குக்கூட லட்சக்கணக்கில் நோட்டீஸ் வந்தது. பச்சைக் காய்கறிக்கு ஜிஎஸ்டியே கிடையாது. ஒருவர் கணக்கில் வந்த பணம் முழுவதும் அவர் சம்பாதித்த லாபமும் ஆகாது. எட்டாம் வகுப்புப் பையன்கூட விற்ற விலையில் வாங்கிய விலையைக் கழித்துத்தான் லாபம் சொல்வான்! கடைகளில் ‘யுபிஐ கிடையாது, ரொக்கம் மட்டும்’ என்று அட்டை தொங்கியது. கடைசியில் மாநில அரசு இறங்கி வந்து சமாதானம் செய்தது. வரி கட்ட வேண்டியவர் கட்டத்தான் வேண்டும். என் கவலை வேறு. கடன் வாங்கித் தரும் என்று நம்பிச் சேர்த்த சாட்சி, ஒரே மாதத்தில் குற்றப்பத்திரிகை ஆகிவிட்டது.

நூறு நாள் வேலைக்கு வருவோம். 2023 ஜனவரி முதல் வேலை நடக்கும் இடத்திலேயே காலையில் ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை தொழிலாளர்களைப் படம் பிடித்துச் செயலியில் ஏற்றினால்தான் வருகைப் பதிவு. ஏரிக்கரையில் டவர் கிடைக்காவிட்டால், மண் சுமந்த அம்மாவின் அன்றைய கூலி கேள்விக்குறி. நம் மாநிலத்தில் 2025-26-இல் அந்தக் கூலி 336 ரூபாய். திருட்டைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு என்றார்கள். திருடன் சும்மா இருப்பானா? படத்தையே படம் பிடித்து ஏற்றுகிறார்கள், சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்கள் என்று 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விட்டு, ஊராட்சி அளவில் எல்லாப் படங்களையும் ஆட்கள் பார்த்துச் சரிபார்க்க வேண்டும் என்றது. ஏமாற்றுகிறவன் வழி கண்டுபிடித்துக்கொண்டான். வெயிலில் நிற்பவள் மட்டும் இரண்டு வேளையும் முகம் காட்டிக்கொண்டிருக்கிறாள்.

பதிவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2020 ஊரடங்கில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் சொந்த ஊர் திரும்பினார்கள். வழியில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று அந்த செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டபோது, அப்படிக் கணக்கு எதுவும் இல்லை என்று அரசு பதில் சொன்னது. எண்ணப்படாதவர் செத்தாலும் தெரியாது. அதனால்தான் 2021 ஆகஸ்டில் இ-ஷ்ரம் தளம் வந்ததை வரவேற்றேன். 30 கோடிக்கு மேல் பதிந்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு 12 இலக்க எண். அந்த எண்ணை வைத்துக்கொண்டு எத்தனை வீடுகளில் ஏதாவது வந்து சேர்ந்தது என்று விசாரித்துப் பாருங்கள். அட்டை பீரோவில் பத்திரமாக இருக்கும்.

நம் மாநில நல வாரியங்களில் 60 வயது ஆனதும் ஓய்வூதியம் உண்டு. பதிவு செய்தவரின் பிறந்த தேதி வாரியத்தின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. பிறகு ஏன் அந்தக் கொத்தனார் விண்ணப்பம் போட்டு, சான்று சேர்த்து அலைய வேண்டும்? ‘உங்களுக்கு 60 ஆகிறது, அடுத்த மாதம் முதல் பணம் வரும்’ என்று அதுவே சொல்லக் கூடாதா? இரண்டு வேளை முகத்தைச் சரிபார்க்கத் தெரிந்த தொழில்நுட்பத்துக்கு ஒரு பிறந்தநாளை ஞாபகம் வைக்க முடியாதா? தொழிலாளியைச் சந்தேகிக்க ஆகும் செலவில் பாதியை அவரைத் தேடிப்போய்க் கொடுக்கச் செலவழித்தால், இந்தக் கருவிகள் வறுமையைக் குறைக்கும் என்று நானும் ஒப்புக்கொள்வேன்.

உங்களில் பலர் மென்பொருள் துறையில் இருக்கிறீர்கள். அரசுக்கான செயலி உங்கள் மேசைக்கு வந்தால் ஒன்று கேளுங்கள்: கைரேகை தேய்ந்து போனவருக்கு, ஓடிபி வரும் நம்பர் மாறிப்போனவருக்கு என்ன வழி வைத்திருக்கிறோம்? சிமெண்ட் குழைத்த விரல் ஸ்கேனரில் படாமல் போவது அவர் குற்றமா? வங்கியில் இருப்பவர்கள், ஸ்வநிதி மனுவோடு வருகிறவரை “அப்புறம் வாங்க” என்று அனுப்பாதீர்கள். அவருக்கு அது அரைநாள் வியாபாரம்.

மற்றவர்கள், வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடமும் தெருமுனை இஸ்திரிக்காரரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். இ-ஷ்ரமில் 16 முதல் 59 வயது வரை பதியலாம். பதிய கட்டணம் இல்லை. ஆதார், வங்கிக் கணக்கு விவரம், ஆதாரோடு இணைத்த கைபேசி எண் வேண்டும். நல வாரிய அட்டை இருந்தால் புதுப்பிக்கும் தேதி தாண்டிவிட்டதா என்று பாருங்கள். 60 நெருங்குகிறவர்களை முதலில் கூட்டிக்கொண்டு போங்கள்.