டீச்சரா, ரிப்போர்ட்டரா?

தில்லி நண்பர் மகளுக்குப் பத்திரிகை ஆசை. வீட்டில் "பொண்ணுக்கு டீச்சர் வேலைதான் சௌகரியம்" என்கிறார்கள். (யாருக்குச் சௌகரியம் என்று கேட்டால் பதிலில்லை.) சம்பளக் கணக்கு நிஜம்தான். 2016-ல் அமலான 7வது சம்பளக் கமிஷனில் கேந்திரிய வித்யாலயா பட்டதாரி ஆசிரியருக்கு ஆரம்ப அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாய். பத்திரிகைக்காரர்களுக்கான மஜிதியா சம்பளத்தை 2014-ல் உச்ச நீதிமன்றமே உறுதி செய்தும், கான்ட்ராக்ட் என்று சொல்லி நழுவியவர்கள் உண்டு.

ஆனால் பி.எட். இரண்டே வருடம், ஆசிரியர் தகுதித் தேர்வில் பாஸானால், 2021 முதல் அது ஆயுளுக்கும் செல்லும். முப்பதிலும் படிக்கலாம். ராத்திரி டியூட்டியும் தெருத்தெருவான அலைச்சலும் இருபத்திரண்டில்தான் முடியும். மனமில்லாத டீச்சரிடம் நாற்பது பிள்ளைகள் மாட்டுவது தனிக் கொடுமை. முதலில் ஐ.ஐ.எம்.சி.க்கு விண்ணப்பம் போடட்டும் என்றேன். அவள் அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை.