உழைத்த தேகத்துக்கு உரிய ஓய்வு

பொங்கலை ஒட்டி நம் கிராமங்களில் கபடித் தொடர் போட்டிகள் தொடங்கிவிட்டால், அந்தி மயங்கும் வேளையில் மின்விளக்குகள் ஏற்றப்பட்டு ஆரம்பமாகும் ஆட்டம் மறுநாள் சூரியோதயம் வரையில் நீடிப்பதும், வெற்றிபெற்று முன்னேறும் அணி அந்த ஒரே இரவில் மூன்று நான்கு ஆட்டங்கள் ஆட நேர்வதும், கோப்பையை வாங்கிய கையோடு பிள்ளைகள் வேனில் ஏறி அடுத்த ஊர்ப் போட்டிக்குப் புறப்படுவதும் யாரும் வியப்படையாத சாதாரண சங்கதிகளாகிவிட்டன. இரண்டு ஆட்டங்களுக்கு இடையே கிடைக்கும் அற்ப அவகாசத்தில், பதினாறு பதினேழு வயதுப் பையன் ஒருவன் மைதானத்தின் ஓரத்தில் வெறுந்தரையில் குப்புறக் கிடக்க, தோழன் ஒருவன் அவன் கெண்டைக்காலை மிதித்துவிட, மற்றொருவன் வலிக்கான ஸ்பிரேயை அடிக்க, வேறொருவன் மருந்துக்கடையில் வாங்கிவந்த வலிமாத்திரையை நீட்ட, ஒலிபெருக்கியில் தன் அணியின் பெயர் கேட்டதும் அவன் எழுந்து மறுபடியும் களத்தில் இறங்குகிறான். அவனுடைய தீரத்தைக் கூட்டம் கொண்டாடுகிறது. நானும் அதைப் போற்றுகிறேன். ஆயினும், அந்தச் சரீரம் எப்போது உறங்கும், எப்போது உண்ணும், எப்போது தன்னைச் செப்பனிட்டுக்கொள்ளும் என்று அவனைப் பயிற்றுவிப்பவர்களோ போட்டியை நடத்துபவர்களோ கேட்பதாகக் காணோம். ஓய்வும் பயிற்சியின் ஒரு பாகமே என்பதும், அதனை விளையாடுகிறவனுடைய விருப்பத்துக்கு விட்டுவிடாமல் பயிற்றுவிப்பவரே தம் பொறுப்பாக ஏற்று அளிக்க வேண்டும் என்பதும் என்னுடைய திடமான அபிப்பிராயம்.

கடும் பயிற்சிக்குப் பிறகு தசைகளில் இரண்டு மூன்று நாட்கள் நீடிக்கும் வலிக்கு, லாக்டிக் அமிலம் தேங்கிவிடுவதே காரணம் என்று மைதானங்களில் இன்றும் போதிக்கப்படுகிறது. அது சரியன்று. ஆட்டம் நின்று ஒரு மணி நேரம் ஆவதற்குள் அந்த அமிலத்தின் பெரும்பகுதி இருதயத்துக்கும் இதர தசைகளுக்கும் எரிபொருளாகிச் செலவாகிவிடுகிறது. வலியோ 24 மணி நேரத்துக்கு மேல், 72 மணி நேரத்துக்குள் ஏதோ ஒரு வேளையில்தான் உச்சத்தை அடைகிறது. தசைக்குள் நேரும் நுண்ணிய கிழிசல்களே இந்த வலிக்கு மூலம் என்று தியோடர் ஹஃப் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் 1902-ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். பின்வந்த ஆராய்ச்சிகள் அவர் சொன்னதை விரிவுபடுத்தியிருக்கின்றனவேயன்றித் தள்ளிவிடவில்லை. தசை சுருங்கிப் பாரத்தைத் தூக்கும்போது நேரும் சேதத்தைக் காட்டிலும், பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீளும்போது நேரும் சேதம் மிகவும் அதிகம். சதுரகிரி மலைக்குப் போய்வந்த பக்தர்கள், ஏறும்போது மூச்சு வாங்கியதேயன்றித் தொடை வலிக்கவில்லையென்றும், இறங்கிவந்த இரண்டாம் நாள் வீட்டுப் படியில் கால்வைக்க முடியவில்லையென்றும் சொல்வதன் இரகசியம் இதுதான். கபடியில் பாடிச் செல்பவன் பாய்ந்த வேகத்தில் சட்டென்று நின்று திரும்புவதும், பிடிப்பவன் தாழ்ந்து குந்தி எதிரியின் பாரம் முழுவதையும் தொடையில் தாங்குவதும் அத்தகைய செயல்களே.

சேதம் நேர்ந்த இடத்தில் சரீரம் சும்மா இருப்பதில்லை. முதலில் வெள்ளணுக்கள் வந்து சிதைந்தவற்றை அப்புறப்படுத்துகின்றன. தசைநார்களின் ஓரத்தில் செயலற்றுக் கிடக்கும் ஒருவகைச் செல்கள் விழித்தெழுந்து, பெருகி, நாருடன் இணைந்து அதனைப் புதுப்பிக்கின்றன. ஆட்டத்தில் தீர்ந்துபோன சர்க்கரைச் சேமிப்பு, போதிய சோறும் கிழங்கும் உண்டால் ஏறத்தாழ ஒரு நாளில் மீண்டும் நிரம்புகிறது. பலம் என்று நாம் வியந்து பேசும் பொருள் உண்டாவது இந்த மணி நேரங்களிலேயே. பயிற்சி அதற்குத் தூண்டுதலை மட்டும் கொடுக்கிறது. ஆகவே, வேலை முடியுமுன் மறுபடியும் அதே தசையை வதைப்பவன், பலத்தைத் தேடிப் போவதாக எண்ணிக்கொண்டு அது பிறக்கும் வழியையே அடைத்துவிடுகிறான்.

இந்தச் செப்பனிடுதலில் பிடித்துவிடுதலுக்கும் நீவுதலுக்கும் என்ன ஸ்தானம் உண்டு என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனெனில் இதில் வியாபாரப் பிரசாரமும் அவநம்பிக்கையும் சம அளவில் கலந்திருக்கின்றன. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில், இளைஞர் பதினொருவரைக் களைத்துப்போகும் வரையில் சைக்கிள் மிதிக்கச் செய்து, ஒரு காலை மட்டும் பத்து நிமிடம் நீவிவிட்டு, இரு கால்களிலிருந்தும் சிறு தசைத்துணுக்கை எடுத்துப் பரிசோதித்த முடிவுகள் 2012-இல் வெளியாயின. நீவிய காலில் அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகள் தணிந்திருந்தன. செல்லுக்குள் சக்தியை உண்டாக்கும் உறுப்புகள் புதிதாகத் தோன்றுவதற்கான அறிகுறிகள் கூடியிருந்தன. ஆனால் லாக்டிக் அமிலத்தின் அளவில் யாதொரு பேதமும் இல்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தார் 29 ஆய்வுகளைத் திரட்டிச் சீர்தூக்கி 2020-இல் வெளியிட்ட முடிவோ, மசாஜினால் ஓட்டத்தின் வேகமும் குதிக்கும் உயரமும் கூடுவதில்லை, மறுநாள் வலி சிறிது குறைகிறது, மூட்டுகளின் வளைவு சிறிது கூடுகிறது என்பதாகும். இதைக் கண்டு, இவ்வளவுதானா என்று கைவிடுபவர்களின் கட்சியில் நான் சேரமாட்டேன். வலி சிறிது குறைந்தால் உறக்கம் வருகிறது. பழகிய கையின் ஸ்பரிசத்தால் பதற்றம் தணிகிறது. எந்தத் தசை நாளுக்கு நாள் இறுகிவருகிறது என்பதை, அதைப் பிடித்துவிடுகிறவரே மற்ற எல்லோருக்கும் முன்னதாக அறிந்துகொள்கிறார். இவை சாமானிய லாபங்கள் அல்ல.

நம் முன்னோர் இந்தக் கலையை எவ்வளவு கவனத்துடன் வகுத்துவைத்தார்கள் என்பதைச் சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்ற புறமருத்துவ முறை காட்டும். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று அதில் ஒன்பது செயல்கள் பிரிக்கப்பட்டிருக்கின்றன. இன்ன நோய்க்கு இன்ன தைலம், இன்ன அழுத்தம் என்ற பேதமும் உண்டு. குமரி மாவட்டத்து வர்ம ஆசான்களிடத்தில் அடிமுறையும் அடிபட்டவனைத் தேற்றும் முறையும் ஒன்றாகவே பயிலப்பட்டுவந்தன. கேரளத்துக் களரிகளிலோ, நம்முடைய ஆடி மாதத்தை ஒட்டிவரும் கர்க்கடகத்து மழைக்காலத்தில், ஆசிரியரே மேலே கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு மாணாக்கனின் எண்ணெய் பூசிய உடலைத் தம் பாதங்களால் உழிகிறார்; உழிச்சில் என்பது இதுவே. இவை எல்லாவற்றிலும் என் மனத்தைக் கவரும் அம்சம் ஒன்று உண்டு. உழிச்சில் நடக்கும் நாட்களிலும் அது முடிந்தபின் குறிப்பிட்ட காலம் வரையிலும், உணவில் பத்தியமும், கடும் பிரயாசை கூடாது என்ற நியமமும் கண்டிப்பாக விதிக்கப்பட்டிருந்தன. நம் வீடுகளிலும் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலன்று வெயிலில் அலையாதே, கனமான ஆகாரம் கொள்ளாதே என்று பாட்டிமார் விலக்கியது அதே விவேகத்தைச் சேர்ந்ததுதான். கையின் உதவியை அவர்கள் ஓய்வுக்குத் துணையாக வைத்தார்கள். நாமோ ஓய்வை நீக்கிவிட்டு உதவியை மட்டும் விலைக்கு வாங்கப் பார்க்கிறோம்.

அறியாத கை தொடுவதால் விளையும் அனர்த்தங்களையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. கபடியில் எதிரியின் முழங்கால் தொடையில் பலமாக மோதினால் உள்ளே இரத்தம் கட்டிக்கொள்ளும். அந்த இடத்தை முதல் சில நாட்களில் அழுத்தித் தேய்த்தால், அந்தக் கட்டு கரையாமல், தசைக்குள்ளேயே எலும்பைப் போல் இறுகி, பல மாதங்கள் முழங்காலை மடக்கவிடாமல் செய்துவிடக்கூடும். மைதானத்தில் நல்ல எண்ணத்துடன் ஓடிவந்து தேய்த்துவிடும் நண்பர்களுக்கு இது தெரிவதில்லை. ஒரு கால் மட்டும் வீங்கி, வெம்மையுற்று, கெண்டைச் சதை வலித்தால் அது நாளத்தில் இரத்தம் உறைந்ததன் அடையாளமாக இருக்கலாம். அங்கே கைவைக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். ஜிம்மில் சேர்ந்த உற்சாகத்தில் அளவுமீறி உட்கார்ந்தெழுந்தவனுக்கு, இரண்டு நாட்களில் சிறுநீர் கறுத்த தேநீரின் நிறத்தில் போகுமானால், சிதைந்த தசையின் சத்து சிறுநீரகத்தைத் தாக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதற்குத் தைலமும் மசாஜும் உதவமாட்டா, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். உடல் நீர் வற்றியிருக்கும் நேரத்தில் வலிமாத்திரையை விழுங்கிக்கொண்டு ஆடுவதும் சிறுநீரகத்துக்குச் செய்யும் துரோகமே.

ஐஸ் தொட்டி, உருளை, துப்பாக்கி போன்ற மசாஜ் இயந்திரம் முதலிய நவீன சாதனங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அடிபட்ட இடத்துக்கு ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்திவைத்தல் என்ற சூத்திரத்தை 1978-இல் உலகுக்கு அளித்த டாக்டர் கேப் மிர்கின், ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று 2014-இல் தாமே திருத்தி எழுதினார். பளு தூக்கும் பயிற்சிக்குப் பின் ஒவ்வொரு தடவையும் பத்து டிகிரி குளிர்ந்த நீரில் பத்து நிமிடம் அமர்ந்தவர்களுக்கு, பன்னிரண்டு வார முடிவில், மெல்ல சைக்கிள் மிதித்து ஆறியவர்களைவிடத் தசை குறைவாகவே வளர்ந்தது என்று ஆஸ்திரேலிய ஆய்வொன்று 2015-இல் காட்டியது. ஒரே நாளில் இரண்டு ஆட்டம் ஆடுபவனுக்குக் குளிர்நீர் தற்காலிக சௌகரியத்தைத் தரலாம்; தினசரிப் பயிற்சியில் அதை ஒரு சடங்காக்குவது வீண்.

விலையில்லாத சாதனம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பள்ளி விளையாட்டு வீரர்கள் 112 பேரை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டதில், இரவில் எட்டு மணி நேரத்துக்குக் குறைவாக உறங்கியவர்களுக்குக் காயம் நேரும் வாய்ப்பு மற்றவர்களுக்கு இருந்ததைப் போல் 1.7 மடங்கு இருந்தது. வளர்ச்சிக்குரிய ஹார்மோன் பெரும்பாலும் ஆழ்ந்த உறக்கத்திலேயே சுரக்கிறது. பதின்மூன்று முதல் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேர உறக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் விதி. அதிகாலை நாலரை மணிக்கு விசிலடித்து எழுப்பி, காலையில் இரண்டு மணி நேரம் மைதானத்தில் ஓடவிட்டு, பகலெல்லாம் வகுப்பில் உட்காரவைத்து, மாலையில் மறுபடியும் ஓடவிட்டு, இரவு பத்து மணிக்குமேல் தேர்வுக்குப் படிக்கச் சொல்கிற ஒரு தினசரி அட்டவணையில் அந்த எட்டு மணி நேரத்துக்கு இடம் எங்கே இருக்கிறது? அதிகாலையில் எழுவது நற்பழக்கம் என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை; ஆனால் நாலரைக்கு எழ வேண்டிய பிள்ளையை எட்டரைக்குப் படுக்கவிடும் தைரியமும் நமக்கு இருக்க வேண்டும். ஆகாரமும் அவ்வாறே. ஐம்பது கிலோ எடையுள்ள வீரன் ஒருவனுக்கு நாள் ஒன்றுக்கு எண்பது கிராம் அளவுக்குப் புரதம் வேண்டியிருக்கும். ஒரு முட்டையில் இருப்பது ஆறு கிராம்தான். மீனும் பயறும் வேர்க்கடலையும் பாலும் தட்டில் தாராளமாக விழாமல் அந்தக் கணக்கு நேராகாது.

வாரம் முழுவதும் நாற்காலியில் அமர்ந்திருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் இறகுப்பந்து ஆடும் நடுவயதினருக்கும், ஜனவரி மாத மாரத்தானுக்காக நவம்பரில் ஓடத் தொடங்குவோருக்கும் இதே விதி இன்னும் கடுமையாகவே பொருந்தும். வயது ஏற ஏறத் தசை ஆறுவதற்குப் பிடிக்கும் காலம் நீளுகிறது. அவர்கள் தம்மைத் தாமே ஆள்பவர்கள். மனம் வைத்தால் ஒரு நாள் நிறுத்திக்கொள்ளலாம். விளையாட்டு விடுதியில் தங்கிப் பயிலும் பிள்ளைக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. 'இன்று கால் வலிக்கிறது' என்று சொன்னால் சோம்பேறி என்ற பெயர் வரும், அணியில் இடம் போகும் என்று அஞ்சி அவன் மௌனமாகவே ஆடுகிறான். ஆதலால் அவன் சார்பில் மற்றவர்கள்தாம் பேச வேண்டும்.

அரசின் விளையாட்டு விடுதி ஒவ்வொன்றிலும் பிசியோதெரபிஸ்ட் ஒருவரும், முறையாகப் பயின்ற தொக்கண நிபுணர் ஆண் ஒருவரும் பெண் ஒருவரும் நிரந்தரமாக நியமிக்கப்படவேண்டும். பாளையங்கோட்டையிலும் சென்னை அரும்பாக்கத்திலும் உள்ள அரசு சித்த மருத்துவக் கல்லூரிகளிலிருந்து வெளிவரும் பட்டதாரிகளுக்கு இதைவிடப் பொருத்தமான சேவை எது? உடல் பிடித்துவிடுவதை இழிதொழிலாக எண்ணும் புத்தி நம்மிடையே இன்னும் மறையவில்லை. அந்த வேலைக்கு உத்தியோகப் பெயரும் கௌரவமான சம்பளமும் கொடுப்பதே அதை நீக்கும் மார்க்கம். வாரத்தில் ஒரு நாள் பயிற்சி கிடையாது என்பது பயிற்சியாளரின் தயவாக இல்லாமல் எழுதப்பட்ட விதியாக வேண்டும். பிடித்துவிடும் நிபுணரோ பிசியோவோ 'இவன் நாளை ஆடலாகாது' என்று சொன்னால், அந்தச் சொல்லைப் பயிற்சியாளர் மீறமுடியாத அதிகாரமும் அவர்களுக்கு இருக்க வேண்டும்.

கிராமத்துப் போட்டிகளுக்கு அரசாணை வரும்வரையில் காத்திருக்க வேண்டியதில்லை. போட்டி நடத்தும் இளைஞர் மன்றத்தாரையும் ஊர்ப் பெரியவர்களையும் நான் வேண்டிக்கொள்வது இதுதான்: ஓர் அணிக்கு ஓர் இரவில் இரண்டு ஆட்டங்களுக்கு மேல் இல்லை, நள்ளிரவுக்குப் பிறகு ஆட்டம் இல்லை, தேவையானால் போட்டி இரண்டு நாட்கள் நடக்கும் என்று, பரிசுத் தொகையை அச்சிடும் அதே நோட்டீசில், அதே பெரிய எழுத்தில், வருகிற பொங்கலுக்கே அச்சிடுங்கள்.